பொழுதோட வரும் பிள்ளைகள்: வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி

திருப்பூரில் பள்ளிக்கூட மணி நாலு, நாலேகாலுக்கு அடித்துவிடும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அப்பாவும் அம்மாவும் லைன் வீட்டுக் கதவைத் திறக்க இரவு எட்டரை, ஒன்பது ஆகும். நடுவில் கிடக்கும் நாலரை மணி நேரம் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு பேசுகிறது, எந்த மொழியில் பேசுகிறது? கொங்கு நாட்டில் அந்த வேளையைப் 'பொழுதோட' என்போம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோடு பொழுதோட ஒன்றரை மணி நேரம் உட்கார நினைப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். ஆசிரியர் பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். இந்தி தெரியாதே என்றும் தயங்க வேண்டாம்.

நம் கண் முன்னே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கொரோனாவால் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. 2021 நவம்பர் 1 அன்றுதான் அவர்களுக்குக் கதவு திறந்தது. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. மாலை ஐந்து மணிக்கு மேல், மையத்துக்கு இருபது பிள்ளைகள் என்ற அளவில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் பெரும்பாலும் அதை நடத்தினார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மொட்டை மாடியிலும் நடந்த அந்த வகுப்புகள் ஒன்றைக் காட்டிக்கொடுத்தன. பிள்ளையின் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவரிடம் அது பள்ளியில் திறக்காத வாயைத் திறக்கும். உங்கள் மையமும் இரண்டாவது பள்ளிக்கூடமாக ஆகிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுத் திண்ணையாக இருந்தால் போதும்.

முதலில் மொழியைக் கேளுங்கள்

நம் ஊரில் வடக்கிலிருந்து வந்த பிள்ளை எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: 'இந்திக்காரப் பையன்'. கோவை கணபதியில் பவுண்டரிக்கு வந்தவர் பிள்ளையும், சோமனூர்ப் பக்கம் தறிக்கு வந்தவர் பிள்ளையும், பொள்ளாச்சி நார் மில்லுக்கு வந்தவர் பிள்ளையும், வால்பாறை எஸ்டேட்டுக்கு வந்தவர் பிள்ளையும் நமக்கு ஒன்று. உண்மையில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை வீட்டில் ஒடியா பேசும். மால்டா, முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்து வந்தது வங்காளி பேசும். ஜார்க்கண்டிலிருந்து வந்தது சந்தாலியோ சாத்ரியோ பேசலாம். பீகார்ப் பிள்ளைக்குக்கூட இந்தி தாய்மொழியாக இருப்பது அபூர்வம். அதன் அம்மா தாலாட்டியது போஜ்புரியிலோ மகஹியிலோ மைதிலியிலோ இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இந்தி இரண்டாவது மொழி, தமிழ் மூன்றாவது, ஆங்கிலம் நாலாவது. ஆறு வயதில் நாலு மொழிக்குள் நடமாடும் பிள்ளையைத்தான் 'இதுக்கு ஒண்ணுமே தெரியலைங்க' என்று சொல்லி உங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள்.

ஆகவே முதல் நாள் நோட்டில் நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் பேசும் மொழி, படிக்கத் தெரிந்த எழுத்து, கடைசியாகப் பள்ளிக்குப் போன ஊரும் வகுப்பும், அம்மா கூப்பிடும் விதத்திலேயே பெயர். பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்து, 'சரியாச் சொல்றனா கண்ணு?' என்று பிள்ளையிடமே கேளுங்கள். தன் பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு பெரியவர் மெனக்கெடுவதைப் பார்க்கும் பிள்ளை, நம் சொல்லைச் சரியாகச் சொல்ல அதே அளவு மெனக்கெடும். இன்னொரு நன்மையும் உண்டு. சந்தன் என்ற பெயரில் சந்தனம் இருக்கிறது. தீபக்கில் தீபம், சூரஜில் சூரியன், கமலில் கமலம். முதல் தமிழ்ச் சொல்லைப் பிள்ளை தன் பெயருக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இங்கே பல தன்னார்வலர்கள் மனதில் ஒரு கேள்வி எழும். 'இந்தியை எதிர்த்து நின்ற மண்ணில் இந்திப் பிள்ளைக்கு இந்தியிலே பேச விடலாமா?' இது நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்ல வேண்டியது. நாம் எதிர்த்தது அரசு ஒரு மொழியை இன்னொரு மொழிக்காரர் தலையில் ஏற்றியதை. ஒரு குழந்தை அம்மாவிடம் பேசும் மொழி அதில் சேராது. போஜ்புரியும் மகஹியும் தங்கள் சொந்த ஊரிலேயே பள்ளி வாசலுக்கு வெளியே நிற்கும் மொழிகள். கோவைக்காரரான தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, பள்ளிப் பாடத்தைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் கொடுக்கப் பாடுபட்டார். தெரியாத மொழியில் பாடம் கேட்கும் பிள்ளை எவ்வளவு இழக்கிறது என்று நம் ஊர் அன்றே பேசியிருக்கிறது. அந்தப் பிள்ளை அன்று நம்முடையதாக இருந்தது. இன்று வேறொருவருடையது.

பேசாத பிள்ளையைப் பேச வைக்காதீர்கள்

என் முதல் மாதத்தில் நான் செய்த தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். 'இங்கே வந்தா தமிழ் மட்டும்தான்' என்று ஒரு சட்டம் போட்டேன். சட்டம் உடனே பலித்தது. மையத்தில் சத்தமே இல்லை. வாசல் வரை கத்திக்கொண்டே வந்த பிள்ளைகள் பாயில் உட்கார்ந்ததும் ஊமையானார்கள். ஒரு வாரம் அதை ஒழுக்கம் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் பாய் சுருட்டும்போது, இரண்டு சிறுமிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒடியாவில் ஏதோ குசுகுசுத்துச் சிரிப்பதைப் பார்த்தேன். அவர்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மறுநாள் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன்.

புது மொழிக்குள் வந்த பிள்ளை சில வாரம், சில சமயம் சில மாதம், வாய் திறக்காமல் இருக்கும். காது மட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அந்தக் காலத்தில் 'சொல்லு, சொல்லு' என்று நெருக்கினால் வெட்கம்தான் மிஞ்சும். பதிலுக்குச் செயலைக் கேளுங்கள். எழுந்திரு, உட்காரு, சாவியை எடு, கதவைச் சாத்து, பந்தை அண்ணனுக்குக் கொடு. பிள்ளை செய்தால் போதும், அதற்குப் புரிந்துவிட்டது. பத்து நாளில் அதே கட்டளையைப் பிள்ளை உங்களுக்குப் போடும். நீங்கள் எழுந்து கதவைச் சாத்துங்கள். மையமே கைதட்டும்.

விளையாட்டு இதற்கு நல்ல கூரை. நம் கிட்டிப்புள் அவர்களுக்கு கில்லி டண்டா. ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் அடிப்பதும் அவர்களுக்குத் தெரியும். கபடிக்குப் பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. விதியை அவர்கள் சொல்லட்டும், எண்ணிக்கையைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைத் தமிழில் சீக்கிரம் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தியில் நூறு வரை ஏறத்தாழ ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இருபத்தொன்பதுக்கு 'முப்பதுக்கு ஒன்று குறை' என்ற பொருளில் ஒரு பெயர். தமிழிலோ இருபதும் மூன்றும் தெரிந்தால் இருபத்து மூன்று தானாக வரும். பத்துப் பெயரையும் பத்தின் மடங்குகளையும் கற்ற பிள்ளை ஒரே வாரத்தில் எண்பத்தொன்பது வரை எண்ணிவிடும். 'தமிழ் எனக்கு வருது' என்ற நம்பிக்கை முதன்முதலில் பிறப்பது இந்த இடத்தில்தான். தொண்ணூறில் தடுக்கும். அங்கே ஒன்பது காணாமல் போய் நூறு எட்டிப் பார்க்கிறது என்று கதையாகச் சொல்லிவிடுங்கள்.

சொற்களை எங்கே தொடங்குவது? இரண்டு பக்கமும் உள்ள சொற்களில். சாவி, மேசை, அலமாரி மூன்றும் சிறு மாற்றத்தோடு அவர்கள் வீட்டிலும் இருக்கின்றன. அலமாரியும் சாவியும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இந்தியக் கரையெங்கும் இறங்கியவை. தயார், காலி, பாக்கி, வசூல், வக்கீல் என்று வடக்கிலிருந்து வந்தவை ஒரு கூட்டம். கதை, முகம், பூமி, மாசம், புஸ்தகம் என்று சமஸ்கிருதம் வழியாகப் பொதுவானவை இன்னொரு கூட்டம். பிள்ளைகளையே தேடச் சொல்லிச் சுவரில் ஒரு சார்ட்டு ஒட்டுங்கள். என் மையத்துச் சுவரில் இரண்டு மாதத்தில் எழுபதுக்கு மேல் சேர்ந்தது.

ஏமாற்றும் சொற்களும் உண்டு, அவற்றையும் விடாதீர்கள். இந்தியில் 'நாக்' என்றால் மூக்கு, நமக்கு நாக்கு வேறு. 'கான்' என்றால் காது, நமக்குக் கண் வேறு. உடல் உறுப்புப் பாடத்தில் மூக்கைத் தொடச் சொன்னால் விழிக்கும் பிள்ளை, நாக்கைத் தொடச் சொன்னால் மூக்கைத் தொடும். விஷயம் தெரியாதவர் அதை மந்தம் என்பார். அங்கே நடப்பதோ வெகு வேகமான மொழிபெயர்ப்பு. 'கல்' அவர்களுக்கு நேற்றும் நாளையும். நமக்குத் தரையில் கிடப்பது. 'தாதா' என்று வங்காளிப் பிள்ளை கூப்பிட்டால் அண்ணன், பீகார்ப் பிள்ளை கூப்பிட்டால் அப்பாவைப் பெற்றவர். நம் தாத்தாவோடு சேர்த்து வைத்து மூன்று பிள்ளைகளை ஒரு சின்ன நாடகம் போடச் சொல்லுங்கள். அவர்கள் இந்த ஜென்மத்துக்கு அதை மறக்க மாட்டார்கள்.

அதட்டல் தமிழும் 'ங்க' தமிழும்

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பகுதி.

இந்தப் பிள்ளைகளின் அப்பா, அம்மா காதில் விழும் தமிழ் எது? எடு, போடு, தூக்கு, வா, போ, சீக்கிரம். தறிக்குடோனிலும் பவுண்டரியிலும் கட்டட வேலையிலும் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்டளைத் தமிழ், அதுவும் மரியாதை வெட்டிய தமிழ். நாற்பது வயதுக்காரரை இருபது வயது சூப்பர்வைசர் 'டேய்' என்பார். அந்தத் தமிழைத்தான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், பிள்ளை அதிலிருந்துதான் கற்கிறது. அது பள்ளிக்குப் போய் டீச்சரிடம் 'நீ வா' என்று சொல்லி அடக்கமில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கும். அதன் சொந்த மொழியில் பெரியவருக்கு மரியாதைச் சொல் கிடையாதா? உண்டு, நன்றாகவே உண்டு. தமிழில் அதை அதற்கு யாரும் கொடுக்கவில்லை.

கொங்குக்காரர் வாயில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. வாங்க, சொல்லுங்க, ஆமாங்க, தெரியலைங்க, ஏனுங்க. அந்த 'ங்க'வை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் ஒரு கொங்குத் தன்னார்வலர் கொடுக்கக்கூடிய பெரிய சீதனம். விதியாகச் சொல்லிக் கொடுத்தால் ஏறாது. நீங்கள் அவர்களிடமே அப்படிப் பேச வேண்டும். 'கண்ணு, அந்தப் பென்சிலைக் கொடுங்க.' 'சாமி, கை கழுவிட்டு வாங்க.' அவர்கள் அம்மா வாசலில் வந்து நின்றால், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, 'வாங்க அக்கா, உட்காருங்க' என்று சொல்லிப் பாயை விரியுங்கள். தன் அம்மாவைத் தமிழில் ஒருவர் 'வாங்க' என்று அழைத்ததை அந்தப் பிள்ளை அன்றுதான் முதல் முறையாகக் கேட்கக்கூடும்.

'வடக்கன்' என்ற சொல் மையத்துக்குள் வரவே கூடாது. உள்ளூர்ப் பிள்ளை சொன்னால் அடிக்காமல், அதட்டாமல், அதே நொடியில் நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். பிறகு இருவரையும் ஒரே அணியில் சேர்த்து விளையாட விடுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் இல்லாமல் வடநாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி மையம் நடத்துவதை நான் ஆதரிப்பதில்லை. தமிழ் உங்களிடமிருந்து கால் பங்குதான் போகும். மீதி முக்கால் பங்கு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதியிடமிருந்து போகும்.

எழுத்துக்கு வரும்போது

பிள்ளைக்கு ஏற்கெனவே தேவநாகரியோ ஒடியாவோ வங்காளி எழுத்தோ தெரியுமானால், பாதி வேலை முடிந்தது. அ, ஆ, இ, ஈ என்ற வரிசையும், க முதல் ம வரை போகும் வரிசையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அவர்களிடம் ஒரு வரிசைக்கு ஐந்து எழுத்து, நம்மிடம் முதலும் கடைசியும் மட்டும். இதைப் பலகையில் இரண்டு வரியாக எழுதிக் காட்டுங்கள். நடுவில் மூன்று எழுத்து இல்லாததைப் பார்த்ததும் 'இவ்வளவுதானா?' என்று பிள்ளையின் முகம் மலரும்.

அடுத்த கேள்வி தயாராக வரும்: 'அப்போ இது எப்போ க (ka), எப்போ க³ (ga)?' நாம் யோசிக்காமலே செய்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய இடம் இது. சொல்லின் தொடக்கத்தில் அழுத்தம். இரட்டித்தாலும் அழுத்தம்: பக்கம், அப்பா. மூக்கொலிக்குப் பின்னால் மென்மை: பந்து, தம்பி. உயிருக்கு நடுவிலும் மென்மை: காகம். பம்பரம் என்ற ஒரே சொல்லில் ப இரண்டு விதமாகவும் வருகிறது. ஒரு பம்பரத்தைக் கையில் கொடுத்துச் சுற்றவிட்டே இதைச் சொல்லிவிடலாம்.

உண்மையான தடுமாற்றம் எ–ஏ, ஒ–ஓ இரண்டில் வரும். இந்தி, ஒடியா, வங்காளி மூன்றிலும் இந்தக் குறில் நெடிலுக்குத் தனித்தனி எழுத்து இல்லை. எடுவும் ஏடும், தொடுவும் தோடும், கொடியும் கோடியும் அவர்களுக்கு ஒன்றாகவே கேட்கும். கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தது தொல்காப்பியம். அதைவிட நல்ல வகுப்பறைக் கருவி இன்றும் கிடையாது. குறிலுக்கு ஒரு சொடுக்கு, நெடிலுக்கு இரண்டு. எழுதும் முன்பு சொடுக்கிப் பார்க்கப் பழக்குங்கள். ஒரு மாதம் இதற்கு மட்டுமே செலவழித்தாலும் வீண் இல்லை.

ள ஒலி ஒடியாவில் இருக்கிறது. ஆகவே ஒடியாப் பிள்ளையை ள-வுக்கு டீச்சராக்கி, பீகார்ப் பிள்ளைக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். வங்காளிப் பிள்ளைக்கு வ, ப பக்கம் சாயும். வண்டி 'பண்டி' ஆகும். சிரிக்காமல், 'ஆமா கண்ணு, வண்டி வருது' என்று சரியான ஒலியில் திரும்பச் சொன்னால் போதும். பேச்சில் வரும் எல்லாப் பிழைக்கும் இதுவே வழி. 'நான் தண்ணி குடிச்சான்' என்றால், 'ஓ, நீங்க தண்ணி குடிச்சீங்களா? நானும் குடிச்சேன்' என்று பேச்சை நகர்த்துங்கள். ழ-வுக்காக யாரையும் வாட்டாதீர்கள். தமிழ் நாக்குகளே அதில் தடுமாறுகின்றன.

'மீதம்' என்ற மதில்

ஒன்பது வயதுப் பையன் ஒருவன். கடைக்குப் போய் நூறு ரூபாய் கொடுத்துப் பருப்பும் எண்ணெயும் வாங்கி, மிச்சத்தைப் பைசா பிசகாமல் எண்ணிக்கொண்டு வருவான். தமிழும் சரளம், சண்டையும் தமிழில்தான். பள்ளித் தேர்வில் கணக்குக்கு முட்டை. கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். 'மீதம் எவ்வளவு?' என்று இருந்தது. மிச்சம் தெரியும், பாக்கி தெரியும், மீதம் தெரியாது. இந்தியில் கழித்தது போக நிற்பதும் 'பாக்கி'தான் என்று அவனே சொன்னான். மூன்று சொல்லையும் ஒரே கோட்டில் எழுதி இடையில் சமக்குறி போட்டோம். அந்தக் கணக்கை அங்கேயே முடித்தான்.

கனடாவில் வாழும் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் இந்த இடைவெளியை 1979 முதலே எழுதிவருகிறார். விளையாட்டு மைதான மொழி ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கும் என்பது அவர் சொல்வது. பிள்ளை நன்றாகப் பேசத் தொடங்கியதும் 'இவனுக்குத் தமிழ் வந்திருச்சு' என்று நாம் கைகழுவும் நேரம்தான், அதற்கு நாம் மிகவும் தேவைப்படும் நேரம். மொத்தம், வித்தியாசம், பங்கிடு, ஒப்பிடு, விளக்குக, காரணம் கூறு: ஒவ்வொரு பாடத்திலும் இப்படி ஐந்தாறு சொல் மதிலாக நிற்கும். வாரம் ஒரு முறை பாடப்புத்தகத்தைப் புரட்டி அந்தச் சொற்களை மட்டும் எடுத்து, பேச்சுச் சொல்லோடு சேர்த்துக் கட்டுங்கள். தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையும் ஒரு நாள் அந்தத் தேர்வை எழுத வேண்டும்.

இந்த மதில் வடநாட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. கோவையில் தேவாங்கர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள். நாயுடு வீடுகளிலும் அருந்ததியர் வீடுகள் பலவற்றிலும் தெலுங்கு. ஆனைகட்டிப் பக்கம் இருளர் பிள்ளைகளின் வீட்டு மொழி வேறு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பதால், இவர்கள் வீட்டில் இன்னொரு மொழி இருக்கிறது என்பதையே பள்ளி கவனிப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியோ தாண்டிவிடும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை மெதுவாகப் படிக்கும் பிள்ளை என்ற பெயரோடு பின் வரிசையில் தங்கிவிடும். நீங்களே அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவரானால், உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள். 'எங்க வீட்லயும் அம்முச்சி தெலுங்குதான் பேசுவாங்க' என்று ஒரு டீச்சர் சொன்னதும் ஒரு மையமே நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா அம்மாவிடம்

'வீட்லயும் இனிமே தமிழ் பேசட்டுமா?' என்று அவர்கள் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அரைகுறைத் தமிழில் பேசினால் பிள்ளைக்கு அந்த அரைகுறைதான் கிடைக்கும். அம்மாவின் முழு மொழியும் அதோடு போய்விடும். ராத்திரி படுக்கும்போது சொந்த மொழியில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். காரணம் சொல்லும் பழக்கம், கதையைக் கோக்கும் பழக்கம், ஏன் என்று கேட்கும் பழக்கம் எல்லாம் எந்த மொழியில் வளர்ந்தாலும் அடுத்த மொழிக்குத் தாவும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா இதைச் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டது. அங்கே ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 1998-ல் ஒரு வாக்கெடுப்பின் மூலம் இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் நிறுத்தி, ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கச் சொன்னார்கள். 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பு வைத்து அதே மக்கள் அந்தத் தடையை எடுத்தார்கள். இடையில் பதினெட்டு ஆண்டு, ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கை முழுவதும், போய்விட்டது.

மாதம் ஒரு ஞாயிறு ஓர் அம்மாவை மையத்துக்குக் கூப்பிட்டு அவர் மொழியில் கதை சொல்லச் சொல்லுங்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு சந்தை. ஆகவே ஞாயிறு நாலு மணிக்கு மேல்தான் வர முடியும். கதையைப் பிள்ளைகள் தமிழில் நமக்குச் சொல்லட்டும்.

ஆனால் பிள்ளையை எல்லா இடத்துக்கும் மொழிபெயர்ப்பாளராக இழுத்துச் செல்ல விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் நோயையும், ஹவுஸ் ஓனரிடம் வாடகைத் தகராறையும் எட்டு வயதுப் பிள்ளை பேச வேண்டியதில்லை. அதற்கு ஒரு பெரியவரைத் தேடிக் கொடுப்பது உங்கள் வேலையில் சேரும்.

பள்ளியில் சேராத பிள்ளை உங்கள் மையத்துக்கு வந்தால், பாடத்துக்கு முன் பள்ளி. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, பிறப்புச் சான்று இல்லை என்றோ, டி.சி. இல்லை என்றோ, ஆண்டின் நடுவில் வந்தது என்றோ ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். இதை எச்.எம்.மிடம் சண்டையாகச் சொல்லாமல், அப்பாவோடு கூடப் போய் அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் நடந்துவிடும். சேர்ந்துவிட்டால் மதிய உணவும், ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு அது சின்ன விஷயமல்ல.

பாதுகாப்பு விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தளர்த்த வேண்டாம். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்காதீர்கள். பிள்ளைகள் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அடிபட்ட தடம் தெரிந்தாலோ, பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளை வேலைக்குப் போவது தெரிந்தாலோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

வராத நாட்கள், போய்விடும் நாட்கள்

தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை. பீகார்ப் பிள்ளைகள் மாதக் கணக்கில் காணாமல் போவார்கள். மார்ச்சில் ஹோலிக்கு இன்னொரு முறை. அந்த நாட்களில் ஆலப்புழா–தன்பாத் எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தில் கோவை, திருப்பூர் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள், உங்கள் மையத்தில் பாதிப் பேர் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார்கள். பெயரை அடிக்காதீர்கள். திரும்பி வந்ததும் 'ஏன் வரல?' என்று கேட்காமல், 'ஊர்ல என்ன பண்ணீங்க?' என்று கேளுங்கள். அந்த வருடத்தின் மிக நீண்ட தமிழ்ப் பேச்சு அன்றுதான் வரும்.

2023 மார்ச் தொடக்கத்தில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் போன் வழியே பரவின. அவை பொய் என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. ஆனாலும் ஹோலிக்கு ஊர் கிளம்பியவர்களோடு பயந்து கிளம்பியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதுபோன்ற நாளில் மையத்தைப் பூட்டாதீர்கள். லைன் வீட்டுக்கு நேரில் போய், வாசலில் நின்று, 'நாங்க இருக்கோம்ங்க, பயப்படாதீங்க' என்று சொல்லுங்கள். மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒருவர் வாசலுக்கு வந்து சொல்வது, போனில் வரும் எந்த வீடியோவையும்விட அவர்களுக்குக் கனமாக இருக்கும்.

சில குடும்பம் ஒரே ராத்திரியில் போய்விடும். கான்ட்ராக்டர் மாறியிருப்பார், அல்லது ஊரில் யாராவது காலமாகியிருப்பார்கள். அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டை முதல் நாளிலிருந்தே தனியாக வையுங்கள். இடது பக்கம் வீட்டு மொழி, வலது பக்கம் தமிழ். படம், புதுச் சொல், அம்மா சொன்ன கதை எல்லாம் அதில் ஏறட்டும். முதல் பக்கத்தில் பள்ளியின் பெயர், வகுப்பு, எமிஸ் (மாணவர் அடையாள) எண், உங்கள் போன் நம்பர். நோட்டை மையத்தில் அடுக்கி வைக்காமல் தினமும் பிள்ளையின் பையிலேயே கொடுத்து அனுப்புங்கள். கிளம்பும் ராத்திரி மூட்டை கட்டும்போது அது கையோடு போய்விட வேண்டும். போன வருடம் ராஞ்சிப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. எடுத்ததும் ஒரு சின்னக் குரல், 'ஏனுங்க டீச்சர், நல்லா இருக்கீங்களா?' என்றது.